எச்.ஐ.வி.: வாசகர் கேள்விகள், மருத்துவக் குழுவின் பதில்கள்

எச்.ஐ.வி. பற்றி இந்த முறை வந்த கடிதங்களில் பாதி உலக நிலவரத்தைக் கேட்கின்றன, மீதி கையில் இருக்கும் ரிப்போர்ட்டைப் பற்றியவை. இரண்டையும் கலந்தே தந்திருக்கிறோம். கேட்டவர்களின் பெயரை வெளியிடவில்லை.

செய்திகளில் 95-95-95 என்று அடிக்கடி வருகிறது. உலகம் இப்போது எந்த இடத்தில் நிற்கிறது?
– கல்லூரி மாணவி, மதுரை

எச்.ஐ.வி. உள்ளவர்களில் 95 சதவீதம் பேருக்குத் தங்கள் நிலை தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தவர்களில் 95 சதவீதம் பேர் சிகிச்சையில் இருக்க வேண்டும். சிகிச்சையில் இருப்பவர்களில் 95 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் வைரஸ் கட்டுக்குள் இருக்க வேண்டும். 2025க்குள் எட்ட வேண்டும் என்று ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பான யு.என்.எய்ட்ஸ் வைத்த இலக்கு இது. அதற்கு முன் 2020க்கான இலக்கு 90-90-90 ஆக இருந்தது.

2024ஆம் ஆண்டின் உலகக் கணக்கு 87-89-94. கேட்க இலக்கை நெருங்கிவிட்டது போலத் தெரியும். ஆனால் ஒவ்வொரு எண்ணும் அதற்கு முந்தைய எண்ணுக்குள்தான் அடங்கும், அதனால் மூன்றையும் பெருக்கிப் பார்க்க வேண்டும். எச்.ஐ.வி. உள்ள 100 பேரில் 87 பேருக்கு நிலை தெரியும். சிகிச்சையில் இருப்பவர்கள் 77 பேர். வைரஸ் கட்டுக்குள் இருப்பவர்கள் 73 பேர். மூன்று இலக்கும் முழுதாக எட்டப்பட்டால்கூட இந்தக் கடைசி எண் 86க்கு மேல் போகாது.

அதே 2024 கணக்கின்படி உலகில் 4.08 கோடி பேர் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறார்கள். 3.16 கோடி பேர் மருந்து எடுக்கிறார்கள். மீதி 92 லட்சம் பேர் எடுக்கவில்லை. இவர்களில் சுமார் 53 லட்சம் பேருக்குத் தங்களுக்கு எச்.ஐ.வி. இருப்பதே தெரியாது. அப்படியானால் கிட்டத்தட்ட 39 லட்சம் பேர், தெரிந்தும் சிகிச்சைக்கு வெளியே நிற்கிறார்கள். ஒன்று தொடங்கவே இல்லை, அல்லது தொடங்கி நடுவில் விட்டுவிட்டார்கள். பரிசோதனை முகாம்களை மட்டும் கூட்டினால் இவர்கள் கிடைக்க மாட்டார்கள். மூன்றில் கடைசி எண்தான் மிக நன்றாக இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். மாத்திரையை ஒழுங்காக எடுப்பவர்களிடம் மாத்திரை வேலை செய்கிறது. ஆள் நழுவுவது அதற்கு முந்தைய இரண்டு படிகளில். ஒரே ஆண்டில் 6.3 லட்சம் பேர் எய்ட்ஸ் தொடர்பான நோய்களால் இறந்திருக்கிறார்கள், அதுவும் கையில் நல்ல மருந்து இருக்கும் காலத்தில். இது எங்களுக்குப் பெரிய வேதனை.

இந்தியாவின் 2023-24 கணக்கு 81-88-97. நம் நாட்டில் முதல் படிதான் மிகவும் தாழ்ந்து நிற்கிறது.

மூன்று இலக்கையும் எட்டிய நாடு ஏதாவது உண்டா? பணக்கார நாடுகள்தானே?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

உண்டு, ஆனால் பணக்கார நாடுகள் அல்ல. போட்ஸ்வானா, எஸ்வாட்டினி, லெசோத்தோ, நமீபியா, ருவாண்டா, சாம்பியா, ஜிம்பாப்வே என ஏழு நாடுகளை யு.என்.எய்ட்ஸ் 2025 அறிக்கை குறிப்பிடுகிறது. ஏழும் ஆப்பிரிக்காவில்தான் இருக்கின்றன.

போட்ஸ்வானாவை எடுத்துக்கொள்வோம். வயது வந்தோரில் ஐந்தில் ஒருவருக்கு எச்.ஐ.வி. உள்ள நாடு. 2002இல் தலைநகர் காபரோனில் உள்ள பிரின்சஸ் மரினா மருத்துவமனையில் அரசு இலவச சிகிச்சையைத் தொடங்கியது. 2004இல் ஒரு முக்கியமான மாற்றம் செய்தார்கள். யாராவது தாமாக வந்து "எனக்கு டெஸ்ட் எடுங்கள்" என்று கேட்கும் வரை காத்திராமல், எதற்காக ஆஸ்பத்திரிக்கு வந்தாலும் பரிசோதனையை வழக்கமான சோதனைகளில் ஒன்றாகவே முன்வைத்தார்கள். வேண்டாம் என்றால் மறுக்கலாம். கேட்பதற்குக் கூச்சப்பட்டு நின்றவர்களுக்கு இதனால் வழி திறந்தது. 2016இல் சி.டி.4 (நோய் எதிர்ப்பு சக்தியின் அளவைக் காட்டும் ரத்தச் செல்கள்) எண்ணிக்கை எவ்வளவு இருந்தாலும் எல்லோருக்கும் உடனே சிகிச்சை என்று அறிவித்து, டோலுடெக்ராவிர் மருந்துக்கும் மாறினார்கள். 2019இல் வேலைக்கு வந்து தங்கியிருக்கும் வெளிநாட்டவருக்கும் இலவச மருந்தை விரித்தார்கள். அதுவரை அவர்களிடம் பரவல் தொடர்ந்துகொண்டிருந்தது, உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும் மருந்து கொடுத்து இதைத் தடுக்க முடியாது. 2021இல் வீடு வீடாக எடுத்த கணக்கெடுப்பில் கிடைத்தது 95-98-98.

வைரச் சுரங்க வருமானமும் வெளிநாட்டு உதவியும் அவர்களுக்குக் கை கொடுத்தன என்பது உண்மை. ஆனால் அதே பட்டியலில் வைர வருமானம் இல்லாத ருவாண்டாவும் இருக்கிறது.

ரத்த தானம் செய்தேன். "ரியாக்டிவ்" என்று சொல்லி நம்பிக்கை மையத்துக்கு அனுப்பினார்கள். அங்கே "இல்லை" என்கிறார்கள். எதை நம்புவது?
– வாசகர், திண்டுக்கல்

நம்பிக்கை மையம், அதாவது அரசின் எச்.ஐ.வி. பரிசோதனை, ஆலோசனை மையம், சொன்ன முடிவை நம்புங்கள். "ரியாக்டிவ்" என்றால் தொற்று இருக்கலாம் என்று ஒரு பரிசோதனைக் கிட் காட்டுகிறது, அவ்வளவுதான். காரணத்தைக் கணக்காகவே பார்க்கலாம்.

இந்தியாவில் வயது வந்தோரில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் சுமார் 0.2 சதவீதம். 10,000 பேருக்கு டெஸ்ட் எடுத்தால் உண்மையில் தொற்று உள்ளவர்கள் 20 பேர். தொற்று இல்லாத 9,980 பேரில் 99.5 சதவீதம் பேருக்கு "இல்லை" என்று சரியாகச் சொல்லும் நல்ல கிட் என்றாலும், மீதி அரை சதவீதத்தில் சுமார் 50 பேருக்குத் தவறாக "ரியாக்டிவ்" காட்டும். ஆக, 70 பேருக்கு ரியாக்டிவ் வந்தால் அதில் உண்மை 20 மட்டும். கிட் மோசம் என்று இதற்குப் பொருள் இல்லை. தொற்று அரிதாக உள்ள இடத்தில் எந்தக் கிட்டுக்கும் இதுதான் கதி.

அதனால்தான் மூன்று கிட் முறை இருக்கிறது. முதல் கிட் ரியாக்டிவ் என்றால், வேறு ஆன்டிஜென் (வைரஸின் புரதம்) அல்லது வேறு முறையில் செயல்படும் இரண்டாவது, மூன்றாவது கிட்களில் அதே ரத்தத்தைச் சோதிக்கிறார்கள். மூன்றும் ரியாக்டிவ் ஆனால்தான் "பாசிட்டிவ்" என்று சொல்ல வேண்டும். முடிவுகள் முரண்பட்டால் இரண்டு முதல் நான்கு வாரம் கழித்துத் திரும்ப வரச் சொல்வார்கள். தனியார் லேபில் ஒரே ஒரு கார்டு டெஸ்ட்டை வைத்து பாசிட்டிவ் என்று தாள் கொடுத்தால், அதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

தவறுகள் பெரும்பாலும் சின்ன விஷயங்களில் நடக்கின்றன. கிட் உறையில் குறித்த நேரம் தாண்டி வாசித்தால், காய்ந்த பிறகு தோன்றும் மங்கலான கோட்டைப் பாசிட்டிவ் என்று எடுத்துக்கொள்வார்கள். ஏற்கெனவே மருந்து எடுப்பவர் அதைச் சொல்லாமல் "சரியாகிவிட்டதா பார்ப்போம்" என்று திரும்ப டெஸ்ட் எடுப்பதும் உண்டு. மருந்தால் ஆன்டிபாடி (வைரஸுக்கு எதிராக உடல் உருவாக்கும் புரதம், கிட் தேடுவது இதைத்தான்) குறைந்திருந்தால் சில கிட்களில், குறிப்பாக உமிழ்நீர் கிட்டில், "இல்லை" என்று வந்துவிடும். தொற்று போய்விட்டது என்று நினைத்து மாத்திரையை நிறுத்தினால் ஆபத்து.

இன்னொன்று, தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களில் எந்த ஆன்டிபாடி டெஸ்ட்டும் பிடிக்காது. விரல் நுனி ரத்தத்தில் எடுக்கும் விரைவு டெஸ்ட்டுக்கு 23 முதல் 90 நாள் வரை ஆகலாம். லேபில் நரம்பு ரத்தத்தில் செய்யும் ஆன்டிஜென்-ஆன்டிபாடி டெஸ்ட் 18 முதல் 45 நாளில் பிடித்துவிடும். அண்மையில் அபாயம் ஏதும் நேர்ந்திருந்தால் 90 நாள் கழித்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். 72 மணி நேரத்துக்குள் என்றால் டெஸ்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம், அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள். 28 நாள் எடுக்கும் தடுப்பு மருந்து உண்டு.

என் கணவருக்கு எச்.ஐ.வி. உண்டு, எனக்கு இல்லை. அவருக்கு இரண்டு வருடமாக வைரல் லோடு ரிப்போர்ட்டில் "டிடெக்ட் ஆகவில்லை" என்று வருகிறது. குழந்தை பெற்றுக்கொள்ளலாமா? மாத்திரையை நிறுத்தலாமா?
– வாசகி, ஈரோடு

முதல் கேள்விக்குப் பெற்றுக்கொள்ளலாம் என்பதே பதில், இயற்கையாகவே. பார்ட்னர் என்ற ஐரோப்பிய ஆய்வு இந்தக் கேள்விக்காகவே நடந்தது. ஒருவருக்கு மட்டும் தொற்று உள்ள 888 ஜோடிகளைப் பின்தொடர்ந்தார்கள், அதில் 548 ஜோடிகள் ஆணும் பெண்ணும். எல்லோரும் ஆணுறை இல்லாமல் உறவு கொண்டவர்கள். தொற்று உள்ளவரின் வைரல் லோடு (ஒரு மி.லி. ரத்தத்தில் உள்ள வைரஸ் எண்ணிக்கை) 200க்குக் கீழே இருந்த காலத்தில், துணைக்கு அவரிடமிருந்து தொற்று பரவியது ஒருமுறைகூட இல்லை. 2016இல் வந்த முடிவு இது. ஆண் ஜோடிகளிடம் தொடர்ந்த அடுத்த கட்டத்திலும், 2019இல், அதே பூஜ்யம்.

ரிப்போர்ட்டில் எண்ணைப் பாருங்கள். அரசுத் திட்டத்தில் 1,000க்குக் கீழே இருந்தாலே "கட்டுக்குள்" என்று எழுதுவார்கள். உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னபடி, எண் தெரிந்தாலும் 1,000க்குள் இருந்தால் உறவின் வழியாகப் பரவும் வாய்ப்பு ஏறக்குறைய இல்லை. டிடெக்ட் ஆகவே இல்லை என்றால் வாய்ப்பு பூஜ்யம். குழந்தைக்கு முயலும் மாதங்களில் அவர் ஒரு நாளும் மாத்திரை விடக்கூடாது, புதிய வைரல் லோடு ஒன்றும் எடுத்துவிடுங்கள். இந்தப் பாதுகாப்பு உடலுறவுக்குத்தான், ஊசியைப் பகிர்வதற்கு இது பொருந்தாது.

இரண்டாவது கேள்விக்கு, கூடவே கூடாது. ரத்தத்தில் காணாமல் போன வைரஸ் உடலின் சில செல்களுக்குள் உறங்கிக்கொண்டிருக்கிறது. மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலேயே எண் ஏறிவிடும். அந்த வாரங்களில் உங்களுக்கும் ஆபத்து.

ஒரு நாளும் விடாமல் மாத்திரை எடுக்கிறேன். ஆனாலும் வைரல் லோடு 3,400 என்று வந்துவிட்டது. மாத்திரை விட்டிருக்கிறேன் என்று மையத்தில் சந்தேகப்படுகிறார்கள்.
– வாசகி, 46 வயது, விருதுநகர்

கடிதத்தின் கடைசியில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய வரிதான் எங்கள் கண்ணில் பட்டது. கால்சியம் மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, நெஞ்செரிச்சலுக்கு ஜெலுசில், மூட்டு வலிக்குச் சித்த வைத்தியர் கொடுத்த சங்கு பற்பம். இவற்றில் எதையாவது உங்கள் ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. மருந்து சிகிச்சை) டாக்டரிடம் சொல்லியிருக்கிறீர்களா?

நீங்கள் எடுக்கும் டி.எல்.டி. மாத்திரையில் டெனோபோவிர் 300 மி.கி., லாமிவுடின் 300 மி.கி., டோலுடெக்ராவிர் 50 மி.கி. இருக்கின்றன. டோலுடெக்ராவிர் வயிற்றில் கால்சியம், இரும்பு, மெக்னீசியம், அலுமினியம், துத்தநாகம் இவற்றோடு சேர்ந்தால் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டியது குடலில் உறிஞ்சப்படாமல் மலத்தோடு போய்விடும். நீங்கள் மாத்திரையை விழுங்கியது உண்மைதான், ஆனால் ரத்தத்துக்குப் போய்ச் சேர்ந்தது கொஞ்சம்தான். ஜெலுசில் வகை மருந்தில் மெக்னீசியமும் அலுமினியமும் உண்டு. சங்கு பற்பம் பெரும்பாலும் கால்சியம், அயச் செந்தூரம் இரும்பு.

சரிசெய்வது சுலபம். டி.எல்.டி. எடுத்து இரண்டு மணி நேரம் கழித்து மற்றவற்றை எடுங்கள். முதலில் மற்றவை போய்விட்டால் ஆறு மணி நேரம் கழித்துத்தான் டி.எல்.டி. கால்சியத்தையும் இரும்பையும் மட்டும் டி.எல்.டி.யோடு சேர்த்தே எடுக்கலாம், ஆனால் சாப்பாட்டுடன். வெறும் வயிற்றில் கூடாது. ஜெலுசில் வகைக்குச் சாப்பாட்டுச் சலுகை கிடையாது, இடைவெளி வேண்டும். இரவு படுக்கும்போது டி.எல்.டி., காலை உணவுக்குப் பிறகு மற்றவை என்று வைத்துக்கொண்டால் குழப்பமே வராது. பான்டோபிரசோல், ஒமிபிரசோல் மாத்திரைகளால் இந்தச் சிக்கல் இல்லை. வலிப்புக்கு எடுக்கும் கார்பமசெபின், பெனிட்டாயின் வேறு வகையில் டோலுடெக்ராவிரைக் குறைத்துவிடும். அவற்றை எடுப்பவர்கள் கட்டாயம் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

இனி மையத்தில் நடக்கப்போவது இது. 1,000க்கு மேல் வந்தால் உடனே மருந்தை மாற்ற மாட்டார்கள். மாதாமாதம் ஆலோசகர் உட்கார்ந்து பேசி, மிச்ச மாத்திரையை எண்ணிப் பார்ப்பார். மூன்று மாதம் ஒழுங்காக எடுத்த பிறகு மறுபடி வைரல் லோடு. அப்போதும் 1,000க்கு மேல் என்றால்தான் அடுத்த கட்ட மருந்தைப் பற்றிப் பேசுவார்கள். டோலுடெக்ராவிருக்கு எதிர்ப்பு உருவாவது அரிது. மருந்து உடலுக்குள் சரியாகப் போகத் தொடங்கினால் பெரும்பாலும் எண் இறங்கிவிடும்.

ஆலோசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டால் எல்லோரும் "போட்டேன்" என்றுதான் சொல்வார்கள். "கூடவே வேற என்ன மருந்து சாப்பிடுறீங்க, எத்தனை மணிக்கு?" என்று கேட்டால்தான் இது வெளியே வரும்.

டி.பி. வந்திருக்கிறது. சர்க்கரையும் உண்டு, மெட்பார்மின் 2,000 மி.கி. எடுக்கிறேன். டி.எல்.டி.யும் எடுக்கிறேன். மூன்றும் சேருமா?
– வாசகர், வேலூர்

சேரும், அளவை மாற்றிக்கொண்டால். டி.பி. மருந்தில் உள்ள ரிபாம்பிசின் டோலுடெக்ராவிரைக் கல்லீரலில் சீக்கிரம் கரைத்துவிடும். அதனால் டி.எல்.டி. எடுத்து 12 மணி நேரம் கழித்து டோலுடெக்ராவிர் 50 மி.கி. தனி மாத்திரை ஒன்று கூடுதலாக எடுக்க வேண்டும், மையத்திலேயே தருவார்கள். ரிபாம்பிசின் முடிந்த பிறகும் இரண்டு வாரம் தொடர வேண்டும். டி.பி. முடிந்ததுமே பலர் நிறுத்திவிடுகிறார்கள்.

மெட்பார்மின் எதிர்ப்பக்கம். டோலுடெக்ராவிர் அதை ரத்தத்தில் ஏற்றிவிடும், ஆகவே நாளொன்றுக்கு 1,000 மி.கி.க்கு மேல் போகாமல் வைப்பார்கள். சர்க்கரை டாக்டருக்கு உங்கள் எல்லா மருந்தும் தெரியாவிட்டால் இதைச் சரிசெய்ய முடியாது. காரணத்தைச் சொல்லத் தயக்கமாக இருந்தால் மருந்தின் பெயரை மட்டுமாவது எழுதிக் கொடுங்கள்.

என் தங்கைக்கு எச்.ஐ.வி. உண்டு, பிரசவம் நெருங்குகிறது. குழந்தைக்கு உடனே டெஸ்ட் எடுத்தால் தெரியாதா? 18 மாதம் ஏன் இழுக்கிறார்கள்?
– வாசகி, நாகர்கோவில்

சாதாரண டெஸ்ட் தேடுவது ஆன்டிபாடியை. தாயின் ஆன்டிபாடி தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்குள் வந்து 18 மாதம் வரைகூடத் தங்கும். அதுவரை அந்த டெஸ்ட் சொல்வது தாயின் நிலையைத்தான். எனவே ஆறாவது வாரத்தில் வைரஸையே நேரடியாகத் தேடும் பி.சி.ஆர். டெஸ்ட் எடுக்கிறார்கள். குதிகாலில் குத்தி, தாளில் அச்சிட்ட வட்டங்களில் ரத்தம் விடுவார்கள். ஒரு வட்டத்துக்கு ஒரு பெரிய சொட்டு. சொட்டின் மேல் சொட்டு விட்டாலோ, வட்டத்தைக் கையால் தொட்டாலோ, சரியாகக் காயாமல் உறையில் போட்டாலோ லேப் திருப்பி அனுப்பிவிடும், குழந்தைக்குச் சில வாரம் வீணாகும். பிறகு ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம், கடைசியாக 18ஆம் மாதம். இடையில் பாசிட்டிவ் வந்தால் இரண்டாவது மாதிரி எடுத்து உறுதி செய்வார்கள், ஆனால் அந்த முடிவுக்குக் காத்திராமல் சிகிச்சையைத் தொடங்கிவிடுவார்கள்.

பிறந்ததிலிருந்து குழந்தைக்கு நெவிரபின் சிரப் தருவார்கள், வழக்கமாக ஆறு வாரம். தாய் தாமதமாகச் சிகிச்சைக்கு வந்திருந்தால் இது மாறலாம். தாய்ப்பால் என்றால் முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். தாய்ப்பாலும் புட்டிப்பாலும் கலந்து கொடுப்பது மிகவும் தவறு.

எதுவும் செய்யாவிட்டால் குழந்தைக்குப் பரவும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். முறையான சிகிச்சையில் 5 சதவீதத்துக்கும் கீழ். இலங்கை தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்ததாக 2019இலேயே உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றுவிட்டது. தொற்றோடு பிறந்துவிட்ட குழந்தைகளின் நிலைதான் மோசம். 2024 கணக்கின்படி உலகில் எச்.ஐ.வி.யோடு வாழும் 14 வயது வரையிலான சுமார் 14 லட்சம் பேரில் 55 சதவீதம் பேர்தான் சிகிச்சையில் இருக்கிறார்கள். தண்ணீரில் கரைத்துக் கொடுக்க ஸ்ட்ராபெர்ரி சுவையில் 10 மி.கி. டோலுடெக்ராவிர் வந்துவிட்ட பிறகும் இந்த நிலை.

அமெரிக்கா 2025இல் வெளிநாடுகளுக்கான எச்.ஐ.வி. உதவிப் பணத்தை நிறுத்தியதே, நமக்கு மாத்திரை கிடைக்காமல் போகுமா?
– வாசகர், கோவை

நம் தேசியத் திட்டத்தின் 2021–26 கட்டத்துக்கு மத்திய அரசே 15,471 கோடி ரூபாய் ஒதுக்கியது. மாத்திரையும் இந்தியாவில் தயாராவது. ஆகவே இங்கே அந்தப் பயம் வேண்டாம். 2001இல் சிப்லா, ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் விற்ற கூட்டு மருந்தை 350 டாலருக்குத் தர முன்வந்தது. இன்று டி.எல்.டி. ஒருவருக்கு ஆண்டுக்கு 45 டாலருக்குள் கிடைக்கிறது. அடி விழுந்தது மொசாம்பிக், தான்சானியா போல அமெரிக்க உதவியைப் பெரிதும் நம்பியிருந்த நாடுகளுக்கு. அங்கும் முதலில் நின்றது வீடு தேடிப்போகும் ஊழியர்களின் வேலையும் பரிசோதனையும்தான்.

மூன்று வருடம் மாத்திரை எடுத்தேன். வேலைக்காக ஊர் மாறியதில் விட்டுப்போனது. இரண்டு வருடம் ஆகிவிட்டது. இப்போது போனால் திட்டுவார்களே என்று தயங்குகிறேன். பழைய டப்பாவில் கொஞ்சம் மாத்திரை இருக்கிறது, அதையே தொடங்கலாமா?
– பெயரும் ஊரும் வேண்டாம் என்று எழுதிய வாசகர்

பழைய டப்பாவைத் தொடாதீர்கள், மையத்துக்குப் போங்கள். இதை அதட்டலாகச் சொல்லவில்லை. இரண்டு வருட இடைவெளியில் சி.டி.4 இறங்கியிருக்கலாம், டி.பி.யோ மூளைச்சவ்வுப் பூஞ்சைத் தொற்றோ வெளியே தெரியாமல் இருக்கலாம். அந்த நிலையில் நீங்களாகவே மாத்திரையைத் தொடங்கினால், விழித்தெழும் எதிர்ப்பு சக்தி அந்தத் தொற்றின் மேல் பாய்ந்து வீக்கத்தை உண்டாக்கும். மூளையில் நடந்தால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் மூளைச்சவ்வுத் தொற்று இருந்தால் எச்.ஐ.வி. மருந்தையே நான்கு வாரம் அளவில் தள்ளிப்போடுகிறார்கள்.

போனதும் இதுதான் நடக்கும். இருமல், காய்ச்சல், எடை குறைவு, இரவு வியர்வை உண்டா என்று கேட்பார்கள். சி.டி.4 எடுப்பார்கள். 200க்குக் கீழே என்றால் ரத்தத்தில் கிரிப்டோகாக்கஸ் (மூளைச்சவ்வுத் தொற்றை உண்டாக்கும் பூஞ்சை) ஆன்டிஜென் டெஸ்ட். மஞ்சள் காமாலை பி, சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியேட்டினின் பார்ப்பார்கள். அபாய அறிகுறி ஏதும் இல்லாவிட்டால் ஒரு வாரத்துக்குள், சில இடங்களில் அன்றே, மருந்து கையில் வந்துவிடும். டி.எல்.டி.யே மறுபடி வேலை செய்யும் வாய்ப்பு மிக அதிகம். ஆறாம் மாதம் வைரல் லோடு எடுத்துப் பார்ப்பார்கள். தலைவலி விடாமல் இருந்தாலோ, வாந்தியோ பார்வை மங்கலோ இருந்தாலோ முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

பழைய ஊருக்குத் திரும்பிப் போக வேண்டியதில்லை. இப்போது இருக்கும் ஊரின் ஏ.ஆர்.டி. மையத்தில் பதிவை மாற்றிக்கொள்ளலாம். பழைய சிகிச்சைப் புத்தகம் இருந்தால் எடுத்துப் போங்கள். தொலைந்திருந்தால் பழைய மையத்தின் பெயரும் ஏறக்குறைய எந்த ஆண்டு என்பதும் போதும். சில விதிவிலக்குகள் தவிர, உங்கள் நிலையை உங்கள் அனுமதி இல்லாமல் யாரிடமும் சொல்லக்கூடாது என்று 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் சொல்கிறது. அது 2018 செப்டம்பரிலிருந்து அமலில் இருக்கிறது. வேலையிடத்துக்கும் இது பொருந்தும்.

யாராவது திட்டினால் அது அவர்களின் தவறு, உங்களுடையது அல்ல. தனியாகப் போகத் தயக்கம் என்றால் முதலில் 1097க்குப் பேசுங்கள். கட்டணம் இல்லை, பெயர் சொல்ல வேண்டியதில்லை, அருகில் உள்ள மையம் எது என்று சொல்வார்கள். இந்த வாரமே பேசிவிடுங்கள்.